மாஸ்கைக் கொஞ்சம் இறக்குங்க சார்

கண்ணு,

உனக்கு நான் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் போனிலேயே ஓடிவிட்டது. இப்போதும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் குரலை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று உன் வருங்காலப் பெண்டாட்டியே என்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. கல்யாணப் பத்திரிகை வைக்க, நீ வேலை பார்க்கிற திருப்பதிக்கு வருகிற உன் அம்மாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படி.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது நீ இரண்டு விஷயம் கேட்டாய். "நைனா, ரிசப்ஷன்ல ரிட்டர்ன் கிஃப்ட்டுன்னு டப்பா கிப்பா எதுவும் வாணாம். நம்ம குரூப்பு பசங்க நாப்பது பேருக்கு ஸ்கூல் பேக்கு, நோட்டு எல்லாம் மேடையிலேயே குடுத்துடலாம். நானும் அவளும் நின்னுக்கினு ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடறோம்" என்றாய். அப்புறம், "தாமோதரம் சார் எங்க இருந்தாலும் கூட்டிக்கினு வா. அவருக்குச் சால்வை போடணும். பின்னால ஸ்கிரீன்ல அவரு போட்டோ பெருசா வரணும். உங்கிட்ட இருக்குமில்ல?" என்றும் கேட்டாய். நான், "இருக்குது, பாக்கறேன்" என்றேன். உன் அம்மா சமையலறையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ கவனிக்கவில்லை. சாரின் படம் என்னிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதை உனக்கு அனுப்ப முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் குழு தொடங்கிய கதை உனக்குத் தெரியும், மேடையில் மைக் பிடித்து நான் சொல்கிற கதை. அதில் என் பெயர் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நிஜத்தில் தொடங்கி வைத்தவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாஸ்கர் மாமா. பவர்லூம் ஓட்டுகிறவரின் மகள் ஒருத்தியை ஒருநாள் என் போட்டோ ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். நம் ஆந்திரப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் புத்தகம். கணக்கு புரியவில்லை என்று ஒன்பதாவதோடு நிற்கப் பார்த்தாள். அன்றைக்கு மகளுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்தவர் கணக்கு வாத்தியார் தாமோதரம் சார். பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம காலையில இங்க மேல ரூமு காலியாத்தானே இருக்குது? நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான் நம் குழு பிறந்த விதம்.

மேல் அறையில், படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுகிற பழைய ஸ்கிரீன்கள் கிடந்தன. அருவி, தாஜ்மகால், ரோஜாத் தோட்டம். அருவிக்கு முன்னால் கரும்பலகையை நிறுத்தி சார் பாடம் எடுப்பார். புத்தகத்தில் இருக்கிற தெலுங்கை ஒருமுறை வாசிப்பார், அதையே தமிழில் சொல்வார், பிறகு மறுபடி தெலுங்கில். பரீட்சை எழுதுவது தெலுங்கில் அல்லவா. முதல் வருஷம் ஆறு பிள்ளைகள், பிறகு உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். நோட்டு வேண்டும், பஸ் பாஸ் வேண்டும் என்று அங்கிருந்துதான் ஒவ்வொன்றாக வந்தது. தறிக்காரர் ஒருவர் காசநோயில் படுத்தபோது அவர் வீட்டுக்கு மளிகை கொடுத்தோம். டீச்சர் ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது அவள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்தோம். எல்லாம் அந்த அருவிக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்ததுதான்.

நீ பத்தாவதில் இருந்தபோது, திரிகோணமிதிக் கணக்கு என்ற பெயரைக் கேட்டாலே நீ புத்தகத்தை மூடிவிடுவாய். அதில் தோற்ற தேர்வுத்தாளை நீ மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்ததும், நான் கண்டுபிடித்து உன் முதுகில் இரண்டு வைத்ததும் மறந்திருக்காது. மறுநாள் சார் உன்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். தூரத்தில் நம் மலையில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற பாறையைக் காட்டி, "அதும் மேல ஏறாமலே அது எவ்ளோ ஒயரம்னு சொல்லணும். சொல்லு பாக்கலாம்" என்றார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றீர்கள். நீ இறங்கி வரும்போது முகமே வேறு மாதிரி இருந்தது. அடித்தவன் நான், புரியவைத்தவர் அவர். இன்றைக்கு நீ என்ஜினியர் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறோம். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவுக்குப் படம் எடுத்தது நான்தான். எது கொடுத்தாலும் படம் எடுப்போம். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள்தான் பொருள் அனுப்புவார்கள், படம் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. இந்தப் படத்துக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. கொடுக்கிறவர் கை ஒரு பக்கம், வாங்குகிறவர் கை ஒரு பக்கம், நடுவில் பொருள். இருவரும் கேமராவைப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் முகம் பாதிதான் விழும். இப்படி எத்தனை பிள்ளைகளை நிறுத்தியிருப்பேனோ. சாரை மட்டும் எடுக்க முடிந்ததே இல்லை. நான் கேமராவைத் தூக்கினால் கரும்பலகைக்குப் பின்னால் போய்விடுவார். "பிள்ளங்கள எடுங்கண்ணா, போர்டை எடுங்க. நான் எதுக்கு?" என்பார். ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்தவர் பாடம் நடத்துகிற படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. தறிகள் நின்றன, பள்ளிகளைப் பூட்டினார்கள். சார் வேலை பார்த்த தனியார் பள்ளியில் இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாரின் மனைவி மளிகைக் கடையில் பாலைக் கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்ததை உன் அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த வாரம்தான் சம்பளமில்லாத டீச்சர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பதென்று முடிவானது. பட்டியலில் சாரின் பெயரை எழுதியது நான். நல்ல மனதோடுதான் எழுதினேன், அதில் சந்தேகம் வேண்டாம். போன் செய்து, "சார், பத்து மணிக்கு ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்துருங்க" என்றேன்.  "சரிங்கண்ணா" என்றார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தோம், அதற்குள் நின்றார். முகத்தில் மாஸ்க். அவர் முறை வந்ததும் பாஸ்கர் மாமாவும் அவரும் அரிசி மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "மாஸ்கைக் கொஞ்சம் இறக்குங்க சார். மூஞ்சி தெரியணுமில்ல." அவர் இறக்கினார். எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்த்தால் அவர் கண் மூடியிருந்தது. "கண்ண மூடிட்டீங்க சார். மூட்டையைத் திருப்பிக் குடுத்துட்டு இன்னொரு வாட்டி வாங்குங்க" என்றேன். சார் அரிசியை பாஸ்கர் மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். மறுபடி கையை நீட்டி வாங்கினார். "லைட்டா சிரிங்க சார்" என்றேன். சிரித்தார், கண்ணு. நான் சொன்னதால் சிரித்தார்.

எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. அன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்குப் பெருமை. வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. கடைகள் திறந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குழுவின் பெயரில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தோம். மேலே கொடுத்தவர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக. நடுவில் பெரிதாக எந்தப் படத்தைப் போட்டேன் என்று நீயே ஊகித்துக்கொள். டிசைனும் நான்தான் செய்தேன். அது மூன்று மாதம் அங்கே நின்றது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே கேட்டாள். "அவர இன்னாத்துக்கு அங்க வரவச்சீங்க? வூட்டாண்ட கொண்டும்போய் வச்சிட்டு வர்றதுதானே?" நான் கத்தினேன். "எல்லாருக்கும் ஒரே ரூலு. அவருக்கு மட்டும் தனியா ஒண்ணா?" என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. என்னோடு அவள் பேசாமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஆள் நான். அந்தப் பழக்கத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. உனக்கு வரப்போகிறவள் பேசாமல் போனால், எழுந்து போய் ஏன் என்று கேள்.

ஞாயிறு வகுப்பு மறுபடி தொடங்கியபோது சார் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஃபேக்டரிகள் இருக்கிற ஸ்ரீ சிட்டி பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நீ விடுமுறைக்கு வந்து, "சார் எங்க நைனா?" என்று கேட்டாய். "ஃபேக்டரியில நல்ல சம்பளத்துல வேலை கெடச்சுது, போய்ட்டாரு" என்றேன். அது பொய். அவர் ஏன் போனார் என்று அப்போதே எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுசாகத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாமல் இருந்தேன்.

நீ கேட்டுவிட்டுப் போன பிறகு, சாரை எங்கே போய்த் தேடுவது என்று உன் அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன். அவள் தன் போனை எடுத்து நம்பரைக் காட்டினாள். சாரின் மனைவியோடு இத்தனை வருஷமும் பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "சொல்லவே இல்லியே?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை புத்தூர் போய், அங்கிருந்து சார் இருக்கிற சத்தியவேட்டுக்கு பஸ் பிடித்தேன். ஒரு அறையும் சமையலறையுமாகச் சின்ன வீடு. "ரண்டி ரண்டி அண்ணா", வாங்க வாங்க என்று வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஃபேக்டரி ஸ்டோரில் சாமான் சரிபார்க்கிற வேலையாம். தலை முழுக்க நரைத்துவிட்டது. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "திரிகோணமிதிக்குப் பயந்தவனுக்குக் கல்யாணமா!" என்று சிரித்தார். யாரும் சொல்லாமல் அவர் சிரித்ததைப் பார்த்தபோதுதான், அன்றைக்கு நான் சிரிக்க வைத்தது சிரிப்பே இல்லை என்று தெரிந்தது.

காபி குடித்துவிட்டு, நீ மேடைக்கு அழைத்ததைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மேடையெல்லாம் வேணாம் அண்ணா" என்றார். நான் என்னமோ ஒன்றும் புரியாமல், "பையன் ஆசப்படறான் சார்" என்று வற்புறுத்தினேன். அப்போதுதான் சொன்னார்.

"நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கி கிரவுண்டுக்கு வர்றதா வேணாமான்னு காலையிலிருந்து யோசிச்சிக்கினே இருந்தேன். மாஸ்க் இருக்குதில்ல, யாருக்கும் தெரியாதுன்னுதான் வந்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகவே பேசினார். பள்ளி திறந்ததும் அவர் மகள் லாவண்யாவுக்கு வகுப்பில் பெயர் வைத்துவிட்டார்களாம். அரிசி மூட்டை. அப்போது அவள் ஏழாவது. பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். பத்து நாள் போனாள், பிறகு போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால்தான் ஊரை விட்டார்கள். "அந்த அரிசி இல்லன்னா அந்த மாசம் நாங்க துன்னிருக்க மாட்டோம் அண்ணா. அதுவும் நெஜம், இதுவும் நெஜம்" என்றார். "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். அவர், "பர்வாலேது அண்ணா" என்றார், பரவாயில்லை என்று. ஆனால் அதைச் சொல்வதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் எனக்கு வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். இரண்டு படமும் இருந்தன. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் கண் சிமிட்டியதைப் பார்த்தவன் நான். சிமிட்டினால் புருவம் சுருங்காது. சாரின் புருவம் சுருங்கியிருக்கிறது. அவர் கண் சிமிட்டவில்லை, கண்ணு. இறுக மூடிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் நான் கெட்டுப்போன படம் என்று சொல்லி, அவரை மறுபடி வாங்க வைத்தேன். இரண்டாவது படத்தை அழித்துவிட்டேன். முதல் படம் இருக்கட்டும், எனக்கு மட்டும். உன் ஸ்கிரீனுக்குப் படம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது உன் நாற்பது பிள்ளைகளுக்கு வருகிறேன். நீ நினைத்தது நல்ல காரியம். உன் வயதில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றியதே இல்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நாற்பது பேரும் யார் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். உன் சொந்தக்காரர்கள், உன் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் நல்ல துணி போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்க, அந்தப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களில் ஒரு லாவண்யா இருக்க மாட்டாள் என்று உன்னால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. போன ஜூனில் நோட்டு கொடுத்தபோதுகூட நான் படம் எடுத்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

பைகளை அந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் பெரிய டீச்சரிடம் கொடுத்துவிடலாம். பள்ளி திறக்கிற நாளில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெஞ்சு மேல் இருக்கட்டும். நாற்பது பேருக்கு மட்டும் வேண்டாம், அந்த வகுப்புகளில் படிக்கிற எல்லாருக்கும் இருக்கட்டும். பையில் நீ நினைத்த ஜியாமெட்ரி பாக்ஸ், வாட்டர் பாட்டில் எல்லாம் வராது, குறைத்துக்கொள்ள வேண்டும். பரவாயில்லை. குழுவிலும் இதைச் சொல்லிவிட்டேன். பாஸ்கர் மாமா துள்ளிக் குதித்தார். "போட்டோ இல்லன்னா எவன்யா குடுப்பான்? நாளைக்குப் பசங்க நோட்டுக்கு எங்க போறது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். வழக்கமாக அனுப்புகிற இரண்டு பேர் இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. அதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கொடுத்தவர்களைக் கூப்பிட்டு வந்து வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாம் என்கிறாள் உன் அம்மா. பார்க்கலாம்.

சத்தியவேட்டிலிருந்து கிளம்பும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சார் என்னை பஸ் ஏற்றிவிடச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் உள்ளே படித்துக்கொண்டிருந்த லாவண்யா வெளியே வந்தாள். இப்போது இன்டர் இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே அது, அப்பாவைப் போலவே கணக்கு எடுத்திருக்கிறாள். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், அங்க எங்கள போட்டோ எடுப்பீங்களா?"

"இல்லம்மா. எடுக்க மாட்டோம்."

"கல்யாணத்துல கேமராக்காரங்க யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்களே?"

"நான் சொன்னா கேப்பாங்கம்மா. நானும் அந்த ஜாதிதான்."

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையில் தேதியைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைக் கேட்காமல் அவளே சொன்னாள்: "அப்ப வர்றோம்."

அவ்வளவுதான், கண்ணு. வாக்குக் கொடுத்துவிட்டேன், காப்பாற்ற வேண்டியவன் நீ. சால்வை வேண்டாம், ஸ்கிரீன் வேண்டாம். அவர்கள் வந்ததும் நீ மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கு. பந்தியில் சாருக்கும் லாவண்யாவுக்கும் நீயே இலை போட்டுப் பரிமாறு. உன் கேமராக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இறங்குகிற நேரம் அவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். முப்பது வருஷமாக எல்லாரையும் இங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று சொன்னவன், அந்த ஐந்து நிமிஷம் யாரும் பார்க்கக் கூடாது என்று கதவருகில் காவலுக்கு நிற்பேன்.

உன் நைனா